சூல் சுமப்பவள் அவள். சட்டம் எவர் கையில்?

அருப்புக்கோட்டையினின்று கிழக்கே திருச்சுழி நோக்கிச் செல்வோர் காண்பது கரிசல் நிலமும், நீர் வற்றிய கண்மாய்களும், அவற்றை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலங்காடுமே. மழை பொய்த்த ஆண்டில் அக்காட்டை வெட்டி மூட்டமிட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் பெண்களும், நகரத்துத் தறிகளிலும் நூற்பாலைகளிலும் கூலிக்கு உழைக்கும் பெண்களும் வாழும் வானம்பார்த்த நாடு இது. இவர்தம் வயிற்றைப் பற்றிச் சட்டம் எழுதியோர் இவர்தம் வாய்ச்சொல் ஒன்றையேனும் கேட்டு எழுதினரா?

அச்சட்டத்தின் வேர் வெள்ளையன் ஆட்சியில் உள்ளது. மெக்காலே வரைந்து 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கருவைக் கலைப்பிப்பவர்க்கு 3 ஆண்டுச் சிறையும், கரு துடிப்புற்ற பின்னராயின் 7 ஆண்டுச் சிறையும் விதித்தது. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நன்னோக்குடன் செய்வது ஒன்றே விலக்கு. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அப்பிரிவின்படி குற்றவாளியே! சட்டத்துக்கு அஞ்சி எவள் சூலும் கலையாதிருந்ததில்லை. கலைத்தல் மறைவுக்குச் சென்றது, அவ்வளவே. எருக்கங்குச்சிக்கு இரையாகிக் குருதி வடிந்து மாண்ட பெண்களின் கணக்கை எந்த அலுவலகமும் எழுதி வைக்கவில்லை.

இந்நிலையை ஆராய 1964-இல் சாந்திலால் சா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது 1966-இல் அறிக்கை தந்தது. 1971-இல் இயற்றப்பட்டு 1972 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், 12 கிழமை வரை ஒரு மருத்துவர் கருத்தின்பேரிலும், 20 கிழமை வரை இருவர் கருத்தின்பேரிலும் கருவைக் கலைக்க வழி விட்டது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு மருத்துவர்க்குரிய எல்லையை 20 கிழமையாகவும், குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு இருவர்க்குரிய எல்லையை 24 கிழமையாகவும் உயர்த்தியது. மணமாகாத பெண்ணுக்கும் அவ்வழி உண்டென 2022 செபுதம்பர் 29 அன்று உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது.

இவை யாவும் நன்மையே. ஆயினும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு உரிமை வழங்கிய சட்டமன்று. கூர்ந்து படிப்பார்க்கு அஃது எளிதிற் புலனாகும். பழைய குற்றப்பிரிவு அப்படியே இருக்க, நன்னோக்குடன் கருத்துக் கொண்ட மருத்துவர் குற்றவாளியாகார் என்பதே அதன் சாரம். சட்டம் காப்பது மருத்துவரை! பெண் வேண்டுகிறாள் என்பது அதற்குக் கரணியமாகாது. மருத்துவர் என்ன கருதுகிறார் என்பதே கரணியம். 2023 அத்தோபரில் இரு மக்களுக்குத் தாயான ஒருத்தி, மகப்பேற்றுக்குப் பின் வந்த மனநோயோடு 26 கிழமைக் கருவைச் சுமந்து உச்ச முறைமன்றத்தின் வாயிலில் நின்றாள். 9-ஆம் நாள் இசைவு கிடைத்தது. 16-ஆம் நாள் மூன்று நடுவர் அமர்வு மறுத்துவிட்டது. அந்த ஒரு கிழமைக்குள் அவள் மனம் பட்ட பாட்டை எவர் அளந்தார்?

மணமான பெண்ணுக்குக் கருத்தடை பொய்த்தால் கலைக்கலாம் என்று 1971-இல் எழுதியோர், மக்கள் எண்ணிக்கையை மட்டுப்படுத்தும் நோக்கத்தை அதனூடே வைத்தனர். தந்தை பெரியாரோ அதற்கும் பல்லாண்டுகட்கு முன்பே, கருத்தடை வேண்டுவது நாட்டின் பொருள்நிலைக்காக அன்று, பெண்ணின் விடுதலைக்காகவே என்று எழுதியவர். பெரியாரின் நாட்டில் பிறந்தோர் எந்தக் கரணியத்தை ஏற்பது?

2024 சூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் நீங்கியது. அதனிடத்தில் 'பாரதிய நியாய சங்கிதா' என்னும் வடமொழிப் பெயர் சூடிய சட்டம் வந்தது. அடிமைச் சின்னத்தை அகற்றினோம் என்று தில்லியர் முழங்கினர். அகற்றினரா? 312-ஆம் பிரிவு 88-ஆம் பிரிவாயிற்று. பெண் குற்றவாளியாகவே நிற்கிறாள். அச்சட்டத்தை ஈன்ற ஆங்கிலவர் நாட்டிலோ 1967-லேயே கட்டுத் தளர்ந்தது. 2025 சூன் 17 அன்று, தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணைக் குற்றவாளியாக்கலாகாது என அந்நாட்டுப் பொதுமக்களவை பெரும்பான்மையாக வாக்களித்தது. பெயரை மட்டும் மாற்றி வெள்ளையன் சரக்கைக் காத்து வருவது எவர் பற்று?

இனி, இச்சட்டத்திலும் பெண்ணின் பக்கம் நிற்கும் வரி ஒன்று உண்டு. 18 அகவை நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணின் இசைவு ஒன்றே போதும். கணவன் இசைவோ மாமியார் இசைவோ தேவையில்லை. 1971 முதல் உள்ளது அவ்வரி. ஆயின் பல மருத்துவமனைகளில் கணவனைக் கூட்டி வா, கையெழுத்து வாங்கி வா என்றே பெண்ணைத் திருப்பி விடுகின்றனர். கரிமூட்டத்தில் ஒரு நாட்கூலியை இழந்து, பேருந்து ஏறி வந்தவள் வெறுங்கையோடு மீள்கிறாள். அவள் ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை? அவ்வரி அவளுக்குத் தெரியாது. நாடாளுமன்றச் சட்டத்தின் அதிகார வாசகம் ஆங்கிலமே என்கிறது அரசியல் சட்டத்தின் 348-ஆம் கூறு. 24 கிழமை கடந்துவிட்டாலோ அவள் பெரும்பாலும் மதுரைக்குச் சென்று உயர் முறைமன்றக் கிளையில் முறையிட வேண்டும். 2004-இல் திறந்த அக்கிளை ஊருக்கு அண்மையில்தான் உள்ளது. மொழியோ அண்மையில் இல்லை. உயர் முறைமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டுமென 2006-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இன்றளவும் ஏட்டளவே. வழக்குரைஞர் என்ன முறையிட்டார், நடுவர் என்ன வினவினார் என்பதறியாமல் நிற்பாள் அவள். கருவோ வழக்கு முடியும்வரை வளராமற் காத்திராது.

எதிர்ப்போர் சிலர் புறநானூற்றைக் காட்டுவர். 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கருச்சிதைத்தலைக் கொடுமைகளுள் ஒன்றாக வைத்தது உண்மையே. ஆனால் அவர் குறிப்பது மகளிரின் கருவைச் சிதைத்த பிறரை; தன் துயருக்குத் தீர்வு தேடும் பெண்ணையன்று. அன்றியும், அக்கொடுமைகட்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றார்க்கே உய்வில்லை என்பதன்றோ அப்பாட்டின் முடிபு? பாதியைப் படித்துவிட்டுப் பெண்ணைப் பழிப்பது புலமையாகாது.

மற்றோர் எதிர்ப்பு இதனினும் வலியது, ஒதுக்கத் தக்கதன்று. உசிலம்பட்டிப் பக்கம் பெண்மகவைக் கொன்ற செய்தி 1980-களில் நாட்டையே உலுக்கியது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. வயிற்றுள் உருக்காட்டும் கருவி வந்தபின் கொலை கருவிலேயே நடந்தது. அதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டம் வந்தது. கலைத்தலை எளிதாக்கினால் பெண்கரு அழியாதா என்பர். அழிப்பது மணக்கொடைப் பேராசை. அதற்கு ஆளாகும் பெண் தன் விருப்பத்தால் மருத்துவமனைக்கு வருவதில்லை, இழுத்து வரப்படுகிறாள். அவளது இசைவைத் தனியே, தமிழில், மாமியார் அருகில் இல்லாமற் கேட்பின் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் திறக்கும். பெறும் உரிமையும் பெறாதிருக்கும் உரிமையும் அந்த ஒரே இசைவில்தான் உள்ளன.

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என ஒவ்வோர் அரசு மருத்துவமனை வாயிலிலும் அவ்வொரு வரியைத் தமிழில் எழுதி வைக்கத் தில்லியின் இசைவு எதற்கு? மருத்துவமனை மாநிலத்தினது. குற்றச் சட்டமோ பொதுப்பட்டியலில் உள்ளது. 88-ஆம் பிரிவினின்று பெண்ணை விடுவிக்கும் திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே இயற்றலாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறுதல் வேண்டும். இயலாத செயலன்று இது. மகளிர்க்குச் சொத்தில் சமபங்கு என்னும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-இல் இயற்றியது. தில்லி அதைப் பின்பற்ற 16 ஆண்டு ஆயிற்று.