ஒப்புமையும் உரிமையும்

உழைப்பின் பயன் உழைத்தவரைச் சேர்தல் வேண்டும். நூலையும் பாடலையும் ஆக்கியோரின் உடைமையாகச் சட்டம் காப்பது இதனாலேயே ஆகும். பிறர் பாடலைக் கவர்ந்து பொருளீட்டுவது களவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், கள்வரைத் தேடும் காவல் குற்றமற்றவரைப் பற்றுமாயின், அதனைக் காவல் என்று எங்ஙனம் கூறுவது?

இன்று இசைக்கலைஞர் பலர் எந்த நிறுவனத்தையும் சாராமல், தம் இசையை இணையத்தின் வழியே உலகிற்கு அளிக்கின்றனர். அங்குக் கணிப்பொறியே காவல் புரிகின்றது. யூடியூப் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கியது. உரிமையாளர் தம் ஒலிப்பதிவுகளை முன்னரே ஒப்படைப்பர். புதிதாக வரும் பதிவுகளைப் பொறி அவற்றோடு ஒப்பிடும். ஒத்திருப்பின், உரிமை கோரியவர் அப்பதிவைத் தடுக்கலாம்; அதன் வருவாயைத் தாமே பெறவும் செய்யலாம்.

ஒப்புமை வேறு, உரிமை வேறு. 2018ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரோட்ஸ் என்னும் பியானோக் கலைஞர், பாக் இயற்றிய இசையைத் தாமே வாசித்து ஃபேஸ்புக்கில் வெளியிட்டார். பாக் மறைந்தது 1750இல். அவர் இயற்றிய இசை இன்று எவருக்கும் தனியுடைமையன்று. எனினும், அவ்வாசிப்பில் 47 வினாடிகள் தமக்குரியவை என்று ஒரு பெருநிறுவனத்தின் பெயரால் உரிமை கோரப்பட்டது, ஒலியும் அடக்கப்பட்டது. அவர் மறுத்தார், மறுப்பும் தள்ளப்பட்டது. உலகறிய முறையிட்ட பின்னரே கோரிக்கை கைவிடப்பட்டது. ஆஸ்திரேலிய இசைஞர் செபாஸ்டியன் டோம்சாக் என்பவர், பண்ணும் தாளமும் அற்ற வெறும் இரைச்சலைப் பத்து மணி நேரப் பதிவாக வெளியிட்டிருந்தார். அதற்கும் ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்த செய்தி அதே ஆண்டில் வெளிப்பட்டது.

புறத்தே ஒத்திருந்த சிலம்பைக் கண்டே கோவலன் கள்வனாக்கப்பட்டான். உள்ளிருந்த பரல் முத்தோ மாணிக்கமோ என்று உரிய காலத்தில் ஆராய்ந்தாரில்லை. பொறியும் புறத்தை மட்டுமே காண்கின்றது.

மற்றொரு குறையும் உண்டு. யூடியூபில் கலைஞரின் மறுப்பை முதலில் ஆராய்பவர் உரிமை கோரியவரே. அதற்கு அவருக்கு 30 நாள் தவணை அளிக்கப்படுகின்றது. வழக்காடுபவரே நடுவராகவும் அமர்வது முறையாகுமா? பெருநிறுவனத்திற்கு ஒரு திங்கள் பெரிதன்று. புதுப்பாடலின் வரவேற்பை நம்பி வாழும் எளிய கலைஞருக்கோ அது பேரிழப்பு. புகழ் பெற்ற ரோட்ஸின் குரல் உலகின் செவிக்கு எட்டியது. பெயரறியாக் கலைஞரின் குரல் எட்டுமோ?

ஆதலின், மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமை கோருவோரையே சார்தல் வேண்டும். பொறி ஐயத்தை எழுப்பட்டும். நடுநிலை வாய்ந்த மனிதர் ஆராய்ந்து முடிவு கூறட்டும். தவறாகக் கோரியவர் இழப்பை ஈடு செய்யட்டும். எளியோரின் உடைமையையும் வலியோரின் உடைமையையும் ஒருங்கே காப்பதுதான் உண்மையான உரிமைச் சட்டம்.