பக்கத்துக் கட்டடம் மாற்றும் காற்று

1965 நவம்பர் 1 அன்று, இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் உள்ள ஃபெர்ரிபிரிட்ஜ் அனல் மின்நிலையத்தில், எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று அடுத்தடுத்து இடிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் 114 மீட்டர் உயரம். புயலை நேராக எதிர்கொண்ட முன்வரிசைக் கோபுரங்கள் தாக்குப்பிடித்து நின்றன. அவற்றின் மறைவில் இருந்த பின்வரிசையில்தான் மூன்றும் விழுந்தன. உயரக் கட்டடங்களுக்கு அனுமதி தருகிறவர்கள் மறக்கவே கூடாத விபத்து இது.

ஆற்றுப் பாலத்துத் தூணுக்குப் பின்னால் நீர் சுழித்துக்கொண்டு போவதுபோலத்தான் காற்றும். உருண்டையான, சதுரமான உருவங்களின் பக்கங்களைத் தாண்டியதும் அது சுவரை விட்டுப் பிரிகிறது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன. முன்பக்கச் சுவரைக் காற்று அழுத்தும். பக்கச் சுவர்களை வெளியே உறிஞ்சி இழுக்கும். பின்னால் நிற்கும் கட்டடத்துக்குச் சராசரி வேகம் குறைந்து வந்தாலும், ஏற்ற இறக்கம் கூடிவிடுகிறது. ஃபெர்ரிபிரிட்ஜில் கணக்கு தவறியது இங்கேதான். ஒற்றைக் கோபுரத்தின் மாதிரியைத்தான் சோதித்தார்கள். நொடிப்பொழுது வீச்சுகளை விட்டுவிட்டு, ஒரு நிமிடச் சராசரி வேகத்தைக் கொண்டு வடிவமைத்தார்கள். காற்று வரும் பக்கத்துச் சுவரை மேலே இழுக்கும் விசையைக் கோபுரத்தின் சொந்த எடை பெருமளவு ஈடுகட்டும். மிஞ்சும் இழுவையைத்தான் உள்ளே இருக்கும் கம்பி தாங்க வேண்டும். அதனால் காற்றின் விசை கொஞ்சம் கூடினாலே கம்பியின் சுமை பல மடங்காகிவிடும்.

பழைய கதை, இப்போது விதிகள் மாறிவிட்டன என்பார்கள். உண்மைதான், 2015-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, அண்டைக் கட்டடங்களின் குறுக்கீட்டையும் பேசுகிறது. ஆனால் புதுக் கட்டடத்தின் வடிவமைப்பாளர் கணக்கிடுவது தன் கட்டடத்துக்கு வரும் சுமையை. ஏற்கெனவே நிற்கும் பக்கத்துக் கட்டடத்தின் காற்று, அதன் உரிமையாளர் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமலேயே மாறிவிடுகிறது. அதற்கு யார் பொறுப்பு? முன்னால் ஒரு கட்டடம் வந்தால் பின்னால் இருப்பதற்குப் பாதுகாப்புதானே என்ற வாதமும் உண்டு. சராசரிச் சுமைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சுழல்கள் தரும் அதிர்வுக்குப் பொருந்தாது. அதனால்தான் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறோம். அதற்கான செலவு பெரிய தடையல்ல. எல்லா வீட்டுக்கும் சோதனை கேட்கவில்லை. நெருங்கி எழும்பும் அடுக்குமாடிக் கோபுரங்களுக்கு மட்டும்தான் கேட்கிறோம். காற்றுச் சுரங்கச் சோதனைக்கூடம் சென்னைத் தரமணியில், மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள கட்டடங்களையும் மாதிரியில் வைத்துச் சோதித்து, அவற்றின் மீதான சுமை எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் அறிக்கை இல்லாமல் இத்தகைய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது.