ஐந்து நிமிஷ வயலின்

தொரப்பள்ளி என்றாலே "ராஜாஜி ஊரா?" என்று கேட்பார்கள். ஆமாம், 1878-ல் அவர் பிறந்த ஊர்தான். எம்.எஸ். பாடி நாடே அறிந்த 'குறை ஒன்றும் இல்லை'யை எழுதியவர் அவர். அதற்காக, ஊரில் சங்கீதம் பொங்கி வழிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் இங்கே கேட்பது கம்பெனி பஸ்களின் ஹாரன்தான். ஒரே விதிவிலக்கு, என் எதிர்வீட்டுப் பையன். வயசு பதிமூணு. வாரம் இரண்டு நாள் ஓசூர் போய் வயலின் கற்கிறான்.

அவன் அப்பா சிப்காட்டில் லேத் ஆபரேட்டர். ஒரு சனிக்கிழமை ராத்திரி வந்து நின்றார்.

"சார், நாளைக்கு பெங்களூருல பசங்களுக்கு வயலின் போட்டி. எனக்கு ஓவர்டைம். நீங்க பி.காம். படிச்சவரு, கொஞ்சம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க."

பி.காமுக்கும் வயலினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் விண்ணப்பத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் கையில் திணித்துவிட்டார்.

ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி வரை பஸ் மத்திம காலத்தில் போனது. சில்க் போர்டு வந்ததும் ஒரே இடத்தில் நின்று நீண்ட ஆலாபனை செய்தது. பொழுது போக, பையனுக்கு சௌடையா கதை சொன்னேன். மைக் பரவாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமே என்று நாலு தந்தி வயலினை ஏழு தந்தி ஆக்கிக்கொண்டவர் மைசூர் சௌடையா. அரியக்குடி, செம்பை என்று பெரிய வித்வான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தே பேர் வாங்கினார். அவர் நினைவாக பெங்களூரில் வயலின் வடிவத்திலேயே 1980-ல் ஒரு மண்டபம் திறந்தார்கள்.

"போட்டி அங்கயா அங்கிள்?"

இல்லை. ஒரு பள்ளிக்கூட ஹாலில். நாற்பது பிள்ளைகள், நாற்பது அம்மாக்கள், ஒரே ஒரு மின்விசிறி. ஆளுக்கு ஐந்து நிமிஷம், அப்புறம் மணி. ஐந்து நிமிஷம் என்றால் என்ன ஆகும்? எல்லாப் பிள்ளையும் ஜெட் வேகத்தில் வாசித்தது. எங்கள் பையனும் சளைக்கவில்லை. மணி அடிப்பதற்கு ஏழு செகண்டு முன்னால் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போதுதான் நடுவர்களில் ஒரு பெரியவர், "நான் பாடறேன், கூடவே வா" என்று மெதுவாக இழுத்தார். முதல் இழையைப் பிடித்துவிட்டான். இரண்டாவதில் அவர் மூச்சு விட்ட இடைவெளியில் புகுந்து, தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட்டான்.

"தம்பி, நான் இன்னும் முடிக்கலையே!"

பரிசு இல்லை. பங்கேற்புச் சான்றிதழ் மட்டும். அதில் பெயர் போட இடம் விட்டிருந்தார்கள். நாமே நிரப்பிக்கொள்ளலாமாம்!

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால், அந்தப் பெரியவர் கேட்டதுதான் சரியான கேள்வி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் நம் சங்கீதத்துக்குள் வந்த வெள்ளைக்கார வாத்தியம் இது. இங்கே அதற்குக் கிடைத்த முக்கிய இடம் பாடகரின் பக்கத்தில். பாடகர் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டித் தெரியாது. நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே போகவேண்டும். தன் முறை வந்தால் அளவாகப் பேசிவிட்டு இடம் விடவேண்டும். விரல் எவ்வளவு ஓடுகிறது என்பதை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். காது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை?

போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக யெஹுதி மெனுஹின் 1983-ல் ஒரு வயலின் போட்டி ஆரம்பித்தார். தோற்றவர்களும் மூட்டை கட்டாமல் கடைசிவரை தங்கி, பெரியவர்களிடம் பாடம் கேட்கலாம் என்பது அதில் உள்ள நல்ல வழக்கம். அதே மெனுஹின்தான் 1965-ல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமனின் வாசிப்பில் சொக்கிப்போய், தன் இத்தாலிய வயலினையே அவருக்குக் கொடுத்தவர். அங்கே போட்டியும் இல்லை, மணியும் இல்லை. கேட்டார், கொடுத்தார்.

ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினோம். பையன் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னான். அப்பா திட்டப்போகிறார் என்று நான் சமாதானத்துக்குத் தயாரானேன். அவர் சிரித்தார்.

"டேய், மெஷின் முன்னாடி நான் எட்டு மணி நேரம் என்ன பண்றேன்னு நினைச்சே? சத்தத்தைக் கேக்கறேன். டூல் மழுங்கினா சத்தம் மாறும். கேக்காம அவசரப்பட்டா ஜாப் ஸ்கிராப்புதான். உனக்கும் அதேதாண்டா."

மறுநாளிலிருந்து ஒரு புது ஏற்பாடு. ஷிப்டு முடிந்து வந்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பழைய சினிமாப் பாட்டு பாடுவார். பையன் வயலினில் பின்தொடரவேண்டும். அப்பாவுக்குச் சுருதி கிடையாது, தாளம் அதைவிட மோசம். எங்கே நிறுத்துவார் என்று அவருக்கே தெரியாது. முதல் இரண்டு நாள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

மூன்றாம் நாள், பாதி வரியில் அவருக்கு இருமல் வந்தது. வில்லும் அங்கேயே நின்றது.