அல்லி ஏன் தோற்க வேண்டும்?

தாயில்பட்டியிலிருந்து நம்மிடம் ஒரு புகார் வந்திருக்கிறது. புகார் செய்பவர்கள் வேற்று மனிதர்கள் இல்லை; ஆண்டுக்கணக்காகச் சங்கத்தில் நம்மோடு நிற்கும் பெரியவர்கள்தாம்.

"பட்டாசு வேலைக்குப் போகிற பிள்ளைகள் காலையில் கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போனைத் திறந்துவிடுகிறார்கள். என்னம்மா என்று கேட்டால், சூனியக்காரிக் கதையாம்! சூனியக்காரிக்கும் அவளைக் கொல்ல வந்தவனுக்கும் தீராத பகையாம். பாதிக் கதை வரைக்கும் வெட்டு, குத்து. மீதிக் கதை காதல், கல்யாணம்! இந்தக் குப்பையைப் படிக்கிற பெண் கூலி உயர்வைப் பற்றி எங்கே யோசிக்கப் போகிறாள்?"

இதுதான் புகார். "போனைப் பிடுங்குங்கள்" என்பது அவர்கள் சொல்லும் வைத்தியம்.

தோழர்களே! புகாரைத் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. அந்த வைத்தியத்தை ஏற்கவும் தயாராக இல்லை. காரணத்தைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

மதுரையை ஆண்டவள்

பகையில் தொடங்கிக் கல்யாணத்தில் முடியும் கதையை நம் ஊருக்குக் கொண்டுவந்தது செல்போன்தானா? இல்லவே இல்லை. புகார் சொல்லும் பெரியவர்களே சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். திருவிழாக் கடைகளில் பரப்பி விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்களில் 'அல்லி அரசாணி மாலை' ஒன்று. புகழேந்திப் புலவர் பேரால் வழங்குவது. ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்ட கதை அது.

அல்லி யார்? பாண்டியன் மகள். நாட்டைப் பறித்துக்கொண்ட நீன்முகனை ஒழித்து மதுரையை ஆண்டவள். அவளுக்குப் பெண்கள் சேனை. ஆண் வாடையே வேண்டாம் என்றிருந்தவள். அவள் மீது ஆசை வைத்தான் அர்ச்சுனன். கேட்டுப் பார்த்தான், நடக்கவில்லை. பிறகு என்ன செய்தான்? கண்ணன் பாம்பாட்டியாக வந்தான். அர்ச்சுனன் பாம்பாக மாறினான். மாயத்தால் அந்தப்புரத்துக்குள் புகுந்து, அல்லி தூங்கிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டான்!

விழித்துப் பார்த்த அல்லி கொதித்தெழுந்தாள், படை திரட்டினாள். ஆனால் கதை அவளை விடவில்லை. கடைசியில் அவள் அர்ச்சுனன் மனைவி, புலந்திரனுக்குத் தாய்.

இந்தக் கதையை நாம் குப்பை என்றோமா? இல்லை. ரசித்தோம். இன்றைக்கும் ஒரு பெண் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால், "என்ன, இங்கே அல்லி ராஜ்யமா நடக்குது?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்ட வாய்க்கு, பிள்ளைகளின் போனைப் பிடுங்க என்ன யோக்கியதை இருக்கிறது?

முதலாளி அடுப்படிக்குப் போனாள்

பெரிய எழுத்துப் புத்தகம் போய் சினிமா வந்தது. கதை மாறியதா?

1963இல் 'அறிவாளி' வந்தது. ஷேக்ஸ்பியர் நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய, அடங்காத பெண்ணை அடக்கும் நாடகத்தைத் தழுவிய படம். பானுமதியின் திமிரை சிவாஜி கணேசன் அடக்குகிறார்; கொட்டகை கைதட்டுகிறது.

1992இல் 'மன்னன்' வந்தது. ஆலைத் தொழிலாளர்களே, இதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்! முதலாளி ஒரு பெண், விஜயசாந்தி. எதிரே தொழிலாளர் தலைவர், ரஜினிகாந்த். அவரைத் தன் கைக்குள் போட்டுக்கொள்ள அவரையே கல்யாணம் செய்கிறாள் முதலாளி. மோதல் வளர்கிறது. முடிவு என்ன? அந்த அம்மாள் தொழிலை விட்டுவிட்டு வீட்டு மனைவி ஆகிறாள். சுபம்!

இங்கே சற்று நில்லுங்கள். நாம் ஒரு முதலாளியோடு சண்டை போடுவது எதற்காக? கூலிக்காக, போனசுக்காக, வேலை நிரந்தரத்துக்காக. முதலாளி பெண்ணாக இருந்தது நம் சண்டைக்குக் காரணமா? அவள் அடுப்படிக்குப் போய்விட்டால் நம் கூலி உயர்ந்துவிடுமா? ஆலை ஆலையாகத்தான் இருக்கும். சங்கு ஊதத்தான் செய்யும். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ஏதோ வென்றுவிட்டதாக நெஞ்சு நிறைகிறது. கூலிச் சண்டையை எடுத்து ஆண் பெண் சண்டையாக்கி, அந்தச் சண்டையையும் ஒரு பெண்ணைக் குனியவைத்து முடித்துவிட்டார்கள். இரண்டு பேர் ஏமாந்தார்கள்: தொழிலாளி ஒருவன், பெண் ஒருத்தி.

குனிய மறுத்தவளுக்கு என்ன கிடைக்கும்? 1999இல் வந்த 'படையப்பா'வைப் பாருங்கள். நீலாம்பரி கடைசி வரை பகைவியாகவே நின்றாள். அவளுக்குக் கிடைத்தது சாவு. அடுப்படி அல்லது சுடுகாடு: எதிர்த்து நின்ற பெண்ணுக்கு இந்தக் கதைகள் திறந்துவைத்த வாசல் இரண்டே.

பிள்ளைகள் ஏன் படிக்கிறார்கள்?

முடிவு இப்படி இருந்தும் நம் பெண்கள் ஏன் இவற்றை விழுந்து விழுந்து படிக்கிறார்கள்? முட்டாள்களா? அப்படிச் சொல்கிறவன்தான் முட்டாள்.

பட்டாசு அறையில் குழாய் உருட்டும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறைத்து எழுதினால் அவள் எதிர்த்துப் பேச முடியுமா? "நாளையிலிருந்து வராதே" என்று ஒரு வார்த்தை போதும். வீட்டில் பெண் பார்க்க வருகிறவன் அவளோடு வாதாடுகிறானா? சாதி பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், எத்தனை பவுன் என்று கேட்கிறார்கள். அவளிடம் மட்டும் எதையும் கேட்பதில்லை.

கதையில் ஒருவன் அவளோடு சண்டை போடுகிறான். சண்டை போட வேண்டுமானால் அவள் பேசுவதைக் காதில் வாங்க வேண்டும். பதில் சொல்ல வேண்டும். அவள் பலத்தைக் கண்டு பயப்பட வேண்டும். மனைவி ஆவதற்கு முன்னால் அவள் ஓர் எதிராளியாக மதிக்கப்படுகிறாள். நம் பெண்ணுக்கு வாழ்க்கையில் கிடைக்காத மரியாதை இதுதான். முதல் பாதிக் கதையில் அவளுக்கு ஒரு வாய் கிடைக்கிறது. அதற்காகத்தான் படிக்கிறாள்.

சூனியக்காரி எதற்கு? அவள் கையை நீட்டினால் தீ எழும்புகிறது, மடக்கினால் அடங்குகிறது. நம் வட்டாரத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய ஆசை இருக்க முடியுமா? மருந்து உராய்ந்தால் போதும், அறையே போய்விடும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைத் தீ கொண்டுபோனது. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் செத்தவர்கள் இருபது பேருக்குக் குறையாது. தீ யார் பேச்சையும் கேட்காத இடத்தில் உழைக்கிறவள், தீ தன் பேச்சைக் கேட்கும் ஒருத்தியின் கதையைப் படிக்கிறாள். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

வேடன் மாறினான், விறகு அடுக்கியவன்?

புதிதாக வரும் சூனியக்காரிக் கதைகளில் ஒரு மாற்றமும் உண்டு. நியாயமாகப் பேசுவோம். 2019இல் ஷெல்பி மஹுரின் என்ற அமெரிக்கப் பெண் எழுதிய 'செர்ப்பன்ட் அண்ட் டவ்' உலகெங்கும் இளம் பெண்கள் படித்த நாவல். அதில் பெண் சூனியக்காரி. ஆண், சூனியக்காரிகளை வேட்டையாடும் படைக்காரன். அவள் யாரென்று தெரியாமலே சந்தர்ப்பவசத்தால் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். உண்மை தெரிந்ததும் வெறுத்து ஒதுக்குகிறான். பிறகு, தனக்குக் கற்பித்ததெல்லாம் சரிதானா என்று அவனே யோசிக்க வேண்டியிருக்கிறது. அல்லி கதையில் பெண் குனிந்தாள்; இங்கே வேடன் குனிகிறான். இது முன்னேற்றம்தான். பிள்ளைகள் இதை விரும்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் நம் கேள்வி தீரவில்லை. ஒரு வேடன் மனம் மாறினான், சரி. அவனை வேட்டைக்கு அனுப்பியவர்கள் மாறினார்களா? விறகு அடுக்கியவன் மாறினானா?

வரலாறு என்ன சொல்கிறது? ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக் குற்றம் சாட்டிக் கொன்றவர்கள் 40,000 முதல் 60,000 பேர் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். 1692இல் அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் (நம் சேலம் ஜில்லா அல்ல!) 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் தேசத்திலேயே, சூனியக்காரி என்று பட்டம் கட்டி அடிப்பதையும் கொல்வதையும் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் ஒடிசா 2013இலும் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சட்டம் வந்த பிறகும் கொலைகள் நிற்கவில்லை. யாரைச் சூனியக்காரி என்கிறார்கள்? பல வழக்குகளில் அவள் ஒரு விதவை. அவள் பேரில் கொஞ்சம் நிலம். அவள் போனால் நிலம் யாருக்கு வரும் என்று பாருங்கள், சூனியத்தின் மர்மம் விளங்கிவிடும்!

விவசாயத் தொழிலாளர்களே, நிலத்துக்கு வந்த பகையைக் காதல் தீர்க்குமா?

திட்டுகிறவன் எல்லாம் காதலனா?

இன்னொரு விஷத்தையும் சொல்லாமல் விட முடியாது. 'ஆன்டி ஹீரோ கதை' என்று பேர் வைத்தே தமிழில் தொடர்கதைகள் வருகின்றன. அவன் திட்டுகிறான், அடிக்கிறான், அடைத்துவைக்கிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான். "உள்ளுக்குள்ளே அவ்வளவு ஆசை!" என்று கதை சமாதானம் சொல்கிறது. அர்ச்சுனன் தூக்கத்தில் கட்டிய அதே தாலி!

இதை நம்பும் பெண்ணிடம் நாளை வேலையிடத்தில் ஒருவன் அதிகாரம் காட்டி நெருங்கினால் என்ன ஆகும்? திட்டுவது கோபம், அதிகாரம். அதை ஆசை என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளாதே என்று அவளிடம் யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைகளை விசாரிக்கப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைமையில் ஒரு பெண் இருக்க வேண்டும். சிறிய இடமானால் ஜில்லா அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். பின்தொடர்ந்து தொல்லை செய்வதும் 2013 முதல் தண்டனைக்குரிய குற்றம். இதையெல்லாம் எத்தனை பட்டாசு அறைகளில், எத்தனை மில் விடுதிகளில் சொல்லியிருக்கிறோம்?

தாலியைக் காட்டி ஏமாற்றுவது கதையில் மட்டும் நடப்பதில்லை. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பேர் சூட்டி, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, ஏழைப் பெண்களை மூன்று ஆண்டு நூற்பாலை விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய கொடுமையைத் தமிழ்நாடு பார்த்தது. அவளுக்கு உரிய கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு, அவள் கல்யாணத்துக்கு உபகாரி வேஷம் போட்டார்கள். பகைவன் காதலன் வேஷத்தில் வருவது இப்படித்தான்.

நாம் சொல்வது

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நீங்களும் கதையில் வரும் வேடன்தான். வண்டியில் படித்த கதையை ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சொல்லச் சொல்லுங்கள். உட்கார்ந்து கேளுங்கள். கேட்டபின் மூன்று கேள்வி போடுங்கள்.

பகை எதனால் வந்தது? கடைசியில் அந்தக் காரணம் தீர்ந்ததா, அல்லது மறந்துபோனதா? குனிந்தது யார்?

இரண்டு மனிதர்களுக்குள் வந்த தப்பெண்ணம் பேசித் தீரலாம். அதிலிருந்து அன்பும் வரலாம். சாதி வேலி போட்ட பகையைத் தாண்டி இரண்டு பேர் சேர்ந்தால் நாம் முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுப்போம். ஆனால் கூலியைக் குறைத்ததால் வந்த பகை, கூலியைக் கொடுத்தால்தான் தீரும். நிலத்தைப் பிடுங்கியதால் வந்த பகை, நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் தீரும். பாதுகாப்பில்லாத அறையில் மருந்தோடு உட்காரவைத்ததால் வந்த பகை, அறையைச் சரிசெய்தால்தான் தீரும். இந்த வித்தியாசம் விளங்கிய பெண் எந்தக் கதையைப் படித்தாலும் கெட்டுப்போக மாட்டாள்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. அல்லி கதையைப் பேத்திகளுக்குச் சொல்லுங்கள். தூக்கத்தில் கட்டிய தாலியைக் கண்டு அல்லி கொதித்தெழும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். "நீயாக இருந்தால் அப்புறம் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள்.

மீதிக் கதையை அவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் யூனியன் கூட்டத்துக்கு வருவார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். முதல் வரிசையில் வந்து உட்காருவார்கள்.