அட்டை கேட்பதற்கு முன்



கொரோனா போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் தடுப்பூசிப் பேச்சு என்று சிலர் கேட்பீர்கள். அடுத்த நோய் வந்து நிற்கும்போது இதையெல்லாம் ஆறுதலாகப் பேச நேரம் இருக்காது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

"ஊசி போடாதவனை பஸ்ஸில்கூட ஏற்றியிருக்கக் கூடாது" என்று அண்மையில் ஒரு சக ஆசிரியர் சொன்னார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஊசி போடுவது நம் உடம்போடு முடிகிற விடயமல்ல. நாம் கொண்டுபோகும் நோய் வீட்டில் படுத்திருக்கும் உம்மும்மாவைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே அது ஒரு கடமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் மக்களிடம் கடமையைக் கேட்கும் அரசு, தன் பக்கத்துக் கடமையைச் செய்ததா?

இலங்கையில் ஊசி ஏற்றத் தொடங்கியது 2021 ஜனவரி 29 இல். இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 லட்சம் ஊசிகளில் முதலிடம் சுகாதார ஊழியர்களுக்கு. அது சரியான முடிவு. அடுத்தது முதியவர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பெப்ரவரியில் மேல் மாகாணத்தில் 30 முதல் 60 வயது வரையானவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்பது காரணம். அதையும் ஒரு வாதமாக ஏற்கலாம். ஆனால் இந்நாட்டில் கொரோனாவால் மௌத்தானவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். அவர்களைப் பின்னுக்குத் தள்ளுவதென்றால், ஏன் என்று அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டாமா?

பிறகு இந்தியாவில் இரண்டாவது அலை வந்தது, அங்கிருந்து ஊசி வருவது நின்றது. முதல் ஊசி போட்ட சுமார் 6 லட்சம் பேர் இரண்டாவது ஊசிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலை கடைசியில் ஜப்பான் அனுப்பிய பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது.

இதற்கிடையில் வரிசைகளில் நடந்ததை நாம் எல்லோரும் கண்டோம். சுபஹு தொழுதுவிட்டுப் போய் நின்ற கூலித் தொழிலாளி, "இன்றைக்கு முடிஞ்சுது" என்ற பதிலோடு அன்றைய சம்பளத்தையும் இழந்து திரும்பினார். ஆள் தெரிந்தவர்கள் டோக்கனோடு வந்து பத்து நிமிடத்தில் போனார்கள். யார் முதலில், யார் பிறகு என்ற பட்டியல் மக்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்வாக்குதான் பட்டியலாகும்.

நம் சமூகத்துக்கு இன்னொரு காயமும் இருந்தது. ஜனாஸாக்களை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை எரித்தார்கள். ஊசி தொடங்கிய நாளிலும் அந்தக் கட்டளை அமுலில் இருந்தது. விஞ்ஞானத்தின் பெயரால் நம் மையித்துகளை எரித்த அதே சுகாதார அமைச்சு, விஞ்ஞானத்தின் பெயரால் கையை நீட்டச் சொன்னது. அந்த நேரத்தில் சிலர் தயங்கியதை அறியாமை என்று மட்டும் எழுதிவிடுவது நியாயமல்ல. அப்படியிருந்தும் பெரும்பாலானோர் போய்ப் போட்டோம்.

இவ்வளவுக்கும் பிறகு 2022 ஜனவரியில் ஒரு வர்த்தமானி வந்தது. ஏப்ரல் 30 முதல், முழுமையாக ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்குள் நுழையக் கூடாதாம். அரசு தன் பக்கத்தைச் சரிபார்க்காமலேயே மக்களிடம் அட்டை கேட்டது.

அடுத்த முறை இப்படி நடக்கட்டும். ஊசி வருவதற்கு முன்பே முன்னுரிமைப் பட்டியலை ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகச் சுவரிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். பட்டியல் மாறினால் காரணத்தையும் ஒட்டுங்கள். நடக்க முடியாதவர்களிடம் வீடு தேடிப் போங்கள். நாட்கூலிக்காரருக்காக மாலையிலும் ஊசி போடுங்கள். தயங்குகிறவரிடம் அவர் நம்பும் ஒரு வைத்தியரைப் பேச விடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அட்டை கேட்டால், காட்டு என்று நானும் சொல்வேன். அப்போதும் வைத்தியசாலை வாசலிலும் பாடசாலை வாசலிலும் அதைக் கேட்கக் கூடாது. பெற்றோர் போடாத ஊசிக்குப் பிள்ளையின் படிப்பைத் தண்டிக்க முடியாது.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் எழுதுங்கள், பேசுவோம்.