சந்தை சமநிலைக்கு வந்துவிட்டதாம்

ரொறன்ரோவின் வீட்டுச் சந்தை சமநிலைக்குத் திரும்புகிறதாம். வங்கிப் பொருளியலாளர்கள் சொல்கிறார்கள், வீட்டு முகவர்களும் சொல்கிறார்கள். எங்கட இலவசப் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் கோட்டும் சூட்டும் போட்டுச் சிரிக்கிறவர்களின் விளம்பரங்களுக்குள்ளும் இந்தச் சொல் வந்துவிட்டது. விலை ஏறின காலத்தில் "இப்ப வாங்காட்டி எப்பவும் வாங்கேலாது" என்று சனத்தை வெருட்டியவர்கள், இன்று "சந்தை சமநிலையில நிக்குது, இதுதான் வாங்கிற நேரம்" என்கிறார்கள். அவர்களுடைய பஞ்சாங்கத்தில் எல்லா நாளும் சுபமுகூர்த்தம்தான்.

முகவர்கள் தங்கள் தொழிலைச் செய்கிறார்கள், அதில் எனக்குக் கோபமில்லை. என் கோபம் இந்தச் 'சமநிலை' என்ற சொல்லின் மீது. கேட்பதற்கு நியாயம் போல ஒலிக்கும் இந்தச் சொல் நியாயத்தை அளப்பதே இல்லை.

அது எதை அளக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதத்தில் புதிதாக நூறு வீடுகள் விற்பனைக்கு வருகின்றன என்று வைப்போம். அதே மாதத்தில் அறுபதுக்கு மேல் விற்றால் அது விற்பவரின் சந்தை. நாற்பதுக்குக் கீழே விற்றால் வாங்குபவரின் சந்தை. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சமநிலை. ஆளுக்காள் எல்லைக்கோட்டைச் சற்று முன்பின்னாகப் போடுவார்கள், ஆனால் கணக்கு இவ்வளவுதான். இதில் வீட்டின் விலை எங்கே? வாங்குபவரின் சம்பளம் எங்கே? ஒரு வீடு ஒரு கோடி டொலருக்கு விற்கிற ஊரிலும் சந்தை சமநிலையில் இருக்கலாம். பேரம் எவ்வளவு வேகமாக முடிகிறது என்பதை மட்டுமே இந்த எண் சொல்லும்.

விலையையும் சம்பளத்தையும் நாமே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஒரு வீட்டின் சராசரி விலை இரண்டரை இலட்சம் டொலருக்குச் சற்றுக் குறைவு. 2022 பெப்ரவரியில் அது 13 இலட்சத்தைத் தாண்டியது. அடுத்த மாதத்திலிருந்து கனடிய மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. 0.25 வீதத்தில் இருந்த அடிப்படை வட்டி, 2023 ஜூலையில் 5 வீதமானது. விலை இறங்கியது. 2025இல் சராசரி பத்து இலட்சத்துக்குச் சற்று மேலே நின்றது. பெரிய வீழ்ச்சிதான், மறுக்கவில்லை.

இப்போது சம்பளம். 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி ரொறன்ரோ நகரில் நடுத்தர வீட்டு வருமானம் ஆண்டுக்கு 84,000 டொலர். வரிக்கு முன் மாதம் 7,000. பத்து இலட்சம் டொலர் வீட்டுக்கு இரண்டு இலட்சம் முன்பணம் கட்டி, மீதி எட்டு இலட்சத்தை நாலரை வீத வட்டிக்கு 25 ஆண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை 4,400 டொலருக்கு மேலே வரும். சொத்துவரி, காப்புறுதி, சூடாக்கும் செலவு எல்லாம் வேறு. அந்த இரண்டு இலட்சத்தை எந்தச் சீட்டுப் பிடித்து எடுப்பது என்பது இன்னொரு கதை. சம்பளம் அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கும், உண்மை. ஆனால் இந்த இடைவெளி கொஞ்சத்தால் அடைகிற இடைவெளியா?

நான் ஸ்காபறோவில் வாடகைக்கு இருப்பவன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் "இன்னும் வாடகைக்கோ இருக்கிறியள்?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் சாப்பாட்டு மேசைக்குப் போகவேண்டும். இந்த நகரில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் வாடகைக்காரர்தான் குடியிருக்கிறார்கள். ஆனாலும் சந்தைத் தராசுக்கு இரண்டு தட்டுகள்தான்: ஒன்றில் விற்பவர், மற்றதில் வாங்குபவர். அந்த வீட்டின் பேஸ்மென்டில் குடியிருக்கிற குடும்பத்துக்குத் தட்டே கிடையாது.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் பேரம் படிந்தால், கீழே இருப்பவருக்கு 'என்12' என்ற படிவம் வரலாம். புதிய சொந்தக்காரர் தானே குடிவரப்போகிறார், அறுபது நாளில் வெளிக்கிடுங்கோ என்பது அதன் சாரம். சட்டப்படி ஒரு மாத வாடகை இழப்பீடாகக் கிடைக்கும். ஒன்ராறியோவில் வாடகை உயர்வுக்கான வரம்பு, இருக்கிற குடித்தனக்காரருக்கு மட்டும்தான். வெளிக்கிட்டு வேறு வீடு தேடினால் அன்றைய சந்தை வாடகைதான். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலில் குடியேறிய கட்டடங்களில் அந்த வரம்புமே இல்லை. பத்து வருடம் ஒழுங்காக வாடகை கட்டினவர், மேலே நடந்த ஒரு சமநிலையான வியாபாரத்தால் ஒரே நாளில் பத்து வருடம் பின்னுக்குப் போகிறார்.

"விலை குறைஞ்சது நல்லதுதானே, பிறகென்ன புறுபுறுப்பு?" என்று கேட்பீர்கள். எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். வட்டி ஏறியதும் வாங்குபவரின் கடன் எல்லை சுருங்கியது, அதனால் விலை இறங்கியது. மாதத் தவணை அதே அளவுக்கு இறங்கவில்லை. 2022 உச்சத்தில், வீட்டைச் சோதித்துப் பார்க்கிற நிபந்தனையைக்கூடக் கைவிட்டு, மற்றவர் என்ன விலை கேட்டார் என்று தெரியாத குருட்டு ஏலத்தில் வாங்கிய குடும்பம் இன்று கூடிய வட்டியில் கடனைப் புதுப்பிக்கிறது. அவர்கள் இழந்த பணம் வாடகைக்காரரின் கைக்கு வரவில்லை.

அதைவிட மோசம், இந்த அமைதி அடுத்த தட்டுப்பாட்டுக்கு விதை போடுகிறது. அடுக்குமாடி கட்டுகிறவருக்கு வங்கி கடன் கொடுக்கவேண்டுமானால், பெரும்பாலும் ஏறத்தாழ எழுபது வீதமான வீடுகளை முன்கூட்டியே விற்றுக் காட்டவேண்டும். அப்படி முன்கூட்டி வாங்கியவர்களில் பலர் குடியிருக்க வாங்கவில்லை. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கினார்கள். விலை ஏறாது என்றதும் அவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். புதிய கட்டடங்கள் நின்றன. ஆக, விலை ஏறினால்தான் வீடு கட்டப்படும், ஏறினால் நாம் வாங்கமுடியாது. இப்படி ஒரு பொறிக்குள் மாட்டிய நகரத்தைப் பார்த்துச் சமநிலை என்கிறார்கள்.

அரசியல்வாதிகளுக்கு இது தெரியாதென்றில்லை. 2024இல் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, வீடுகள் தங்கள் பெறுமதியைத் தக்கவைக்க வேண்டும் என்றார். 2025 மே மாதத்தில் புதிதாகப் பதவியேற்ற வீடமைப்பு அமைச்சர் கிரெகர் ரொபர்ட்சனிடம் வீட்டு விலை இறங்கவேண்டுமா என்று கேட்டபோது, இல்லை என்றார். வீடு எல்லோருக்கும் கட்டுப்படியாகவும் வேண்டும், விலை இறங்கவும் கூடாது! சொந்த வீட்டுக்காரரின் வாக்கையும் வாடகைக்காரரின் வாக்கையும் ஒரே வாயால் கேட்டால் இப்படித்தான் பேசவேண்டி வரும்.

இந்த நாட்டில் வேறு வழி இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மத்திய அரசின் உதவியோடு கூட்டுறவு வீடுகளும் சமூக வீடுகளும் எழுந்தன. புதிய சமூக வீடுகளுக்கான பணத்தை 1993இல் மத்திய அரசு நிறுத்தியது. 1995இல் ஒன்ராறியோ அரசும் கையை விரித்தது. அந்தப் பழைய கூட்டுறவுகளில் இன்றும் சனம் நிம்மதியாக இருக்கிறது. அவர்களுடைய வீட்டை எவரும் மேலே இருந்து விற்கமுடியாது. சந்தை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன?

இனி யாராவது சமநிலை என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: நகரத்தின் நடுத்தரச் சம்பளத்தில், நகரத்தின் நடுத்தர வீடு எத்தனை ஆண்டுச் சம்பளம்? அந்த எண்ணை மாதாமாதம் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் போடட்டும், பக்கத்திலேயே எத்தனை கூட்டுறவு வீடுகள் கட்டப்பட்டன என்பதையும் போடட்டும். அதற்குப் பிறகு சமநிலையைப் பற்றிப் பேசலாம்.