போட்ட காசு போகட்டும், இனி என்ன?

பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வீதியால் தெற்கே போகும் எவருக்கும் ஒலுவிலைத் தாண்டும்போது துறைமுகத்தின் நினைவு வராமலிருக்காது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவு என்று எமது மக்கள் சொல்லும் திட்டம் அது. டென்மார்க் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் வர்த்தகக் கப்பல்கள் வந்துபோகும் இடமாக அது மாறவில்லை. நுழைவாயிலை மணல் மூடியது. கரையோரமாக நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்ததால் ஒரு பக்கம் மணல் குவிய, மறுபக்கம் தென்னைகளும் காணிகளும் கடலோடு போயின.

மணலை அகழ்ந்து பாதையைத் திறக்க வேண்டும் என்பது மீனவரின் கோரிக்கை. அகழ அகழ எமது கரை அரிக்கிறது என்பது ஒலுவில் மக்களின் முறைப்பாடு. இரண்டிலும் நியாயமுண்டு. ஆனால் இதைப் பேசும்போதெல்லாம் ஒரு வசனம் குறுக்கே வருகிறது: "இவ்வளவு கோடி செலவழித்த பிறகு விடுவதா?"

இந்த வசனம்தான் ஆபத்தானது. செலவான பணம், அகழ்ந்தாலும் மூடினாலும் திரும்பி வராது. இனிச் செலவாகப் போவது எவ்வளவு, அதனால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பிரித்தானியாவும் பிரான்சும் கொன்கோர்ட் விமானத்தில் இதே தவறைச் செய்தன. இலாபம் வராது என்று தெரிந்த பிறகும் பணத்தைக் கொட்டின.

1976இல் அமெரிக்க ஆய்வாளர் பரி ஸ்டோ வர்த்தக மாணவர்களிடம் ஒரு பரிசோதனை நடத்தினார். தாங்களே தெரிவுசெய்த முதலீடு நட்டப்பட்டபோது, அவர்கள் அதே இடத்தில் மேலும் அதிகமாகப் பணம் போட்டார்கள். வேறொருவர் தெரிவுசெய்ததில் அந்தப் பிடிவாதம் குறைவாக இருந்தது. தொடங்கியவருக்குத் தன் தவறை ஒப்புக்கொள்வது கஷ்டம்.

இதற்கு நேர்மாறான நோயும் எமது நாட்டில் உண்டு. ஜப்பான் கடனுதவியுடனான கொழும்பு இலகு ரயில் திட்டத்தை 2020 செப்டம்பரில் புதிய அரசு இரத்துச் செய்தது. செலவு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் ஆட்சி மாறினால் முன்னையவரின் திட்டம் சந்தேகத்துக்குரியதாகிவிடுவது இங்கு வழமை. தன்னுடையது என்பதால் தொடர்வதும் மற்றவருடையது என்பதால் நிறுத்துவதும் ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டிலும் திட்டத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறோம்.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாதியில் நிற்கும் பள்ளிவாசல் மாடிகளும் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களும் எமது ஊர்களிலும் இல்லாமலில்லை. பொதுப்பணம் அமானிதம். அதைப் பற்றித் தீர்மானிக்க மஷூரா செய்யுமாறு மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. அந்த மஷூராவில் மூன்று விடயங்களைச் சேர்த்துக்கொள்வோம். எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும்போதே எழுதிவைப்பது. இடைநடுவில் மீளாய்வு செய்யும் பொறுப்பைத் தொடங்கியவரிடம் கொடுக்காமலிருப்பது. நிறுத்துவதற்கும் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்ப்பது.

ஒலுவில் விடயத்திலும் இதுதான் தேவை. துறைமுகத்தைக் கட்டியவர்களோ எதிர்த்தவர்களோ அல்லாத கரையோரப் பொறியியல் நிபுணர்கள், மீனவரையும் காணி இழந்தோரையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்குப் பார்க்கட்டும். அதுவரை ஒவ்வொரு அகழ்வும் பழைய செலவுக்காகச் செய்யும் புதுச் செலவாகவே இருக்கும்.